வேர்க்காத வெயில், மழை பெய்யாத ஊரில் வெள்ளம்: வாசகர் கேள்வி பதில்

குமரி மாவட்டத்தில் பாலைவனத்தோடு உறவு இல்லாத தெரு குறைவு. ஒரு வீட்டில் குவைத், அடுத்த வீட்டில் ராஜஸ்தான் எல்லையில் பட்டாளம், அதற்கடுத்த வீட்டில் அரிசோனாவில் கம்ப்யூட்டர் வேலை. மே மாதம் பிறந்தால் கடிதங்களும் அந்தத் திசையிலேயே வருகின்றன. இந்த இதழில் பாலைவன வெயிலையும் அங்கே அடிக்கிற இடிமழையையும் பற்றிய கேள்விகளுக்கு மட்டுமே இடம்.

மகளுக்கு ஜூலையில் அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸில் பிரசவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே இருப்பேன். "45 டிகிரி அடிக்கும், ஆனா வேர்க்காதும்மா, நம்ம ஊர் புழுக்கம் கிடையாது" என்கிறாள். எனக்கு வயது 61. பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை, இன்சுலின் எல்லாம் உண்டு. நம்பிப் போகலாமா?
*வாசகி, கோட்டாறு*

போகலாம் அம்மா. ஆனால் "வேர்க்காது" என்று மகள் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம். நாகர்கோவிலில் வேர்ப்பதைவிட அங்கே அதிகமாகவே வேர்க்கும். அது உங்கள் கண்ணில் படாது, அவ்வளவுதான். ஜூன் மாதம் மதியம் ஃபீனிக்ஸ் காற்றில் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். வியர்வை தோலுக்கு வந்த கணமே ஆவியாகிவிடும். சேலை நனையாது, நெற்றியில் துளி நிற்காது. நம் ஊரில் உடம்பு நனைந்ததும் விசிறி தேடுகிறோம், மோர் குடிக்கிறோம். அங்கே அந்த எச்சரிக்கை மணி அடிப்பதே இல்லை. வெயிலில் சும்மா நடந்தாலே மணிக்கு ஒரு லிட்டர் வரை தண்ணீர் உடம்பை விட்டுப் போய்விடும். தாகம் எடுக்கும்போது ஏற்கெனவே தாமதமாகியிருக்கும்.

எனவே தாகத்துக்குக் காத்திருக்காமல் கணக்கு வைத்துக் குடியுங்கள். வெளியே இருக்கும் நேரத்தில் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் கூடாது. தாண்டினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் வேறு ஆபத்து வரும். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் சரி. கட்டன் சாயா (பால் விடாத தேநீர்) நிறத்துக்குப் போனால் உடனே நிழலுக்குப் போய்க் குடிக்க வேண்டும். மூன்று வேளையும் சாப்பிடுகிறவருக்கு உப்பு தனியாகத் தேவையில்லை. பிரஷர் உள்ள நீங்கள் "வெயில் நாடு" என்று சொல்லி உப்புக் கரைசலைத் தினமும் குடிக்காதீர்கள். கஞ்சித்தண்ணீரும் லேசாக உப்பிட்ட சம்பாரமும் (நீர்மோர்) போதும்.

புறப்படும் முன் மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டி, "இதில் நீர் மாத்திரை இருக்கிறதா, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை இருக்கிறதா" என்று கேளுங்கள். முதலாவது உடம்பின் தண்ணீரை இறக்கும். இரண்டாவது, தோலுக்கு ரத்தத்தை அனுப்பிச் சூட்டை வெளியேற்றும் வேகத்தைக் குறைக்கும். நீங்களாக நிறுத்தக் கூடாது, அளவை மாற்ற வேண்டுமா என்று அவர் சொல்லட்டும். பிரிக்காத இன்சுலின் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளதைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். கடைக்குப் போகும்போது காரில் விட்டுவிட்டுப் போனால் அது வீண். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு ஒரு மணி நேரத்தில் 70 டிகிரியை நெருங்கும். பச்சைக் குழந்தையை ஒரு நிமிடம்கூடக் காரில் தனியே விடக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்.

நம் பழக்கத்தால் அங்கே வரும் விபத்து ஒன்று உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கொடியில் துணி எடுக்க வெறுங்காலோடு முற்றத்தில் இறங்குவது. வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை 65, 70 டிகிரிக்குப் போகும். சிமெண்ட் தரையும் கால் வைக்க முடியாத அளவு சுடும். சில நொடிகளில் உள்ளங்கால் கொப்பளித்துவிடும். சுகர் உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுவதே தெரியாது. செருப்பை வீட்டுக்குள்ளே வையுங்கள், கோயில் பிரகாரத்தில் சுற்றும்போது காலுறை போடுங்கள். தோட்டக் குழாயைத் திறந்தால் முதலில் வருவது வெயிலில் கிடந்த வெந்நீர், அதையும் குழந்தை மேல் பட விடாதீர்கள். வீட்டில் "குளிர்நீர்" குழாயிலும் சூடாகத்தான் வரும். குழந்தையைக் குளிப்பாட்ட முந்தின இரவே பிடித்து வீட்டுக்குள் வைப்பது நல்லது.

ராத்திரி ஆறிவிடும் என்று நினைக்க வேண்டாம். 2023 ஜூலை 19 அன்று ஃபீனிக்ஸில் பதிவான குறைந்தபட்ச வெப்பமே 36.1 டிகிரி. அந்த ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள் 43.3 டிகிரிக்குக் குறையாமல் அடித்தது. அதற்கு முந்தைய சாதனை 1974-இல் 18 நாள். நடைப்பயிற்சி வேண்டுமானால் விடியும் முன் போய் வந்துவிடுங்கள்.

ஒரே ஒரு நல்ல செய்தி: வற்றலும் வடகமும் அரை நாளில் காய்ந்துவிடும். ஜூன் மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். ஜூலையில் ஏன் கூடாது என்பதற்கு அடுத்த பதில்களைப் பாருங்கள்.

அரிசோனாவிலும் "மான்சூன்" வருகிறது என்று மருமகன் சொல்கிறார். பாலைவனத்தில் ஏது பருவமழை? நம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) மாதிரியா?
*வாசகர், தக்கலை*

பெயர் பொருந்துகிறது. பருவமழை என்றால் பருவத்தோடு காற்றின் திசை மாறுவது, நாள் முழுக்கக் கொட்டுவது அல்ல. கோடை உச்சத்தில் அமெரிக்காவின் தென்மேற்கு மூலையும் மெக்சிகோவும் கொதிக்கும்போது, மேலடுக்கில் இருக்கும் உயரழுத்தம் வடக்கே நகரும். அதுவரை மேற்கிலிருந்து வறண்டு வீசிய காற்று திரும்பி, மெக்சிகோ பக்கமிருந்தும் கலிபோர்னியா வளைகுடாவிலிருந்தும் ஈரத்தை இழுத்து வரும். முன்பெல்லாம் ஃபீனிக்ஸில் சராசரி பனிப்புள்ளி (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, ஈரம் கூடினால் இதுவும் கூடும்) தொடர்ந்து மூன்று நாள் 12.8 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால்தான் "மான்சூன் தொடங்கியது" என்பார்கள். 2008 முதல் ஜூன் 15 – செப்டம்பர் 30 என்று தேதி குறித்துவிட்டார்கள். மக்கள் எச்சரிக்கையாக இருக்க அது எளிது. நம் ஊரில் பனிப்புள்ளி ஆண்டில் பல மாதம் 23, 24-இல் நிற்கிறது என்பதை வைத்து அவர்களுடைய "ஈரம்" எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவும் அப்படித்தான். ஃபீனிக்ஸில் மான்சூன் முழுக்கப் பெய்வது சராசரியாக 62 மில்லிமீட்டர். பேச்சிப்பாறையில் ஒரு நல்ல நாளில் பெய்துவிடும். 2023-இல் அதுவும் பொய்த்து 4 மில்லிமீட்டரோடு முடிந்தது. தெற்கே டூசானில் நிலைமை தேவலாம். ஆண்டு மழையில் சரிபாதி இந்தப் பருவத்தில்தான்.

நம் இடவப்பாதி கடலிலிருந்து விரிந்து வந்து மாவட்டத்தையே மூடும். அங்கே வருவது நம் சித்திரை மாதக் கோடைமழை மாதிரி: காலையில் தெளிந்த வானம், மதியம் மலைமேல் மேகம் கறுப்பது, சாயங்காலம் இறங்குவது. வேளிமலைக்கும் மகேந்திரகிரிக்கும் மேலே மதியம் குவிகிற அதே கதைதான். அங்கே அந்த வேலையைக் கிழக்கிலும் வடக்கிலும் உள்ள மலைவிளிம்புகள் செய்கின்றன. ஒரு தெருவில் கொட்டும், இரண்டு தெரு தள்ளித் தூசிதான் பறக்கும்.

ஒரு வேறுபாடுதான் எல்லா ஆபத்துக்கும் மூலம். மேகத்தின் அடிப்பகுதி அங்கே மிக உயரத்தில் இருக்கும். கீழே காற்று காய்ந்து கிடக்கும். விழுகிற மழை பாதி வழியிலேயே ஆவியாகும். மேகத்துக்குக் கீழே சாம்பல் நிறத் திரை தொங்கும், தரையைத் தொடாது. ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டைப் பறிப்பதால் அந்தக் காற்று குளிர்ந்து கனத்துப் பொத்தென்று விழும். தரையில் மோதி நாலாபுறமும் சிதறும். மழை வராமலேயே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று அதுதான். கூரையும் மின்கம்பமும் சாய்வது பெரும்பாலும் இதில்தான்.

அந்தப் பாலைவனத்தின் தொல்குடியான தொஹோனோ ஓதம் மக்கள், ஜூன் கடைசியில் சகுவாரோ கள்ளியின் பழத்தைப் பறிப்பதோடு தங்கள் ஆண்டைத் தொடங்குகிறார்கள். மழைக்கு முந்திய அறுவடை அது. மலையாள மாதம் சொல்லி மழையை எதிர்பார்க்கிற நமக்கு அந்தக் கணக்கு புரியும்.

தம்பி ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் இடையே நெடுஞ்சாலையில் தினமும் கார் ஓட்டுகிறான். தூசிச் சுவர் வந்தால் "லைட்டை அணைத்துவிட வேண்டும்" என்கிறான். விளக்கைப் போடத்தானே வேண்டும்? விளையாடுகிறானா?
*வாசகி, மார்த்தாண்டம்*

விளையாடவில்லை. மேலே சொன்ன சிதறும் காற்று, இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள உழுத நிலங்களிலும் காய்ந்த தரிசிலும் புகுந்து மண்ணைக் கிளப்பும். அரபிச் சொல்லால் "ஹபூப்" என்பார்கள். 2011 ஜூலை 5 அன்று ஃபீனிக்ஸை மூடிய சுவர் சுமார் 1.5 கிலோமீட்டர் உயரம், கிட்டத்தட்ட 160 கிலோமீட்டர் அகலம். உள்ளே மாட்டியவருக்கு முன்னால் போகும் வண்டியின் பின்பக்கம்கூடத் தெரியாது.

தூரத்தில் பழுப்புச் சுவர் தெரிந்ததுமே அடுத்த விலகு பாதையில் இறங்கி ஒரு கட்டடத்துக்குப் போவதுதான் முதல் வழி. அதற்குள் மூடிவிட்டால் வேகத்தைக் குறைத்து, சாலையின் ஓரக்கோட்டையும் தாண்டி எவ்வளவு வெளியே போக முடியுமோ அவ்வளவு வெளியே நிறுத்த வேண்டும். ஓடுபாதையில் ஒருபோதும் நிற்கக் கூடாது. பிறகு முன்விளக்கு, ஹசார்டு (நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) எல்லாவற்றையும் அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். சீட் பெல்ட் போட்டபடியே உள்ளே இருக்க வேண்டும்.

காரணம் எளிது. பார்வை மறைந்தவர் முன்னால் தெரியும் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவார். உங்கள் விளக்கு எரிந்தால் "சாலை அங்கே போகிறது" என்று நினைத்து நேராக உங்கள் மேலேயே ஏற்றிவிடுவார். காலை எடுக்கச் சொல்வதும் இதற்குத்தான், மிதித்திருந்தால் பின்விளக்கு எரியும். ஆரல்வாய்மொழி சாலையில் மழை இருட்டினால் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டும் பழக்கம் நமக்கு உண்டு. அதை அங்கே செய்தால் உயிருக்கு ஆபத்து.

பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணிக்குள் கடந்துவிடும். ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்திருக்கட்டும். ஊருக்குத் திரும்பியதும் ஏர் ஃபில்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் செங்கல் நிறத்தில் இருக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். அந்த மண்ணில் ஒரு பூஞ்சை வாழ்கிறது. தூசியோடு நுரையீரலுக்குள் போனால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் இருமல், காய்ச்சல், விடாத அசதி வரும். "பள்ளத்தாக்குக் காய்ச்சல்" என்பது அதன் பெயர். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. ஊருக்கு விடுமுறையில் வந்த இடத்தில் இருமல் நீண்டால், எக்ஸ்ரேயைப் பார்த்ததும் இங்கே சாதாரண நிமோனியா என்றோ காசநோய் என்றோ எண்ண வாய்ப்பு அதிகம். "அரிசோனாவில் இருந்து வருகிறேன், தூசிப்புயலில் இருந்தேன்" என்ற ஒரு வரியை மருத்துவரிடம் தம்பி மறக்காமல் சொல்ல வேண்டும்.

மணல் தண்ணீரைக் குடித்துவிடும் அல்லவா? பிறகு பாலைவனத்தில் வெள்ளம் எப்படி வருகிறது?
*வாசகர், இரணியல்*

குளச்சல் கடற்கரை மணல் குடிக்கும். பாலைவனம் முழுக்க அந்த மணல் கிடையாது. அரிசோனாவில் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே சுண்ணாம்பு இறுகிப் பாறை மாதிரி ஒரு படலம் பல இடங்களில் உண்டு. கடப்பாரை பட்டால் தீப்பொறி பறக்கும். மேல்பரப்பும் வெந்து ஓடு போலாகியிருக்கும். மரம், புல், இலைச்சருகு எதுவும் தண்ணீரைத் தடுத்து நிறுத்தாது. பெய்யும் 62 மில்லிமீட்டரில் பாதியை ஒரே மணி நேரத்தில் கொட்டினால் அது ஓடத்தான் செய்யும்.

ஓடுவதற்கு வழியும் தயாராக இருக்கும். ஆண்டு முழுக்கக் காய்ந்து கிடக்கிற ஓடைகள், மக்கள் நடைபாதையாகப் பயன்படுத்துகிற தடங்கள். மழை 30 கிலோமீட்டர் தள்ளி மலையில் பெய்யும், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். அப்போது சேறும் கட்டையுமாக ஒரு சுவர் வந்து நிற்கும். திற்பரப்பில் குளிக்கும்போது மேலே மழை பெய்தால் கரையேறச் சொல்கிறோமே, அதே விதிதான். ஒரே வித்தியாசம், அங்கே எச்சரிக்கை தரக் கொஞ்சமும் தண்ணீர் முன்கூட்டி இருக்காது.

ஆழத்தைக் கண்ணால் அளக்க முயல வேண்டாம். ஓடுகிற நீர் 15 சென்டிமீட்டர் இருந்தால் நிற்கும் ஆளைத் தள்ளிவிடும். 30 சென்டிமீட்டரில் சிறிய கார் மிதக்கும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். கலங்கிய தண்ணீருக்கு அடியில் தார் இருக்கிறதா, அரித்துப்போய்ப் பள்ளமாகிவிட்டதா என்பதும் தெரியாது. தடுப்பு வைத்த சாலையில் நுழைந்து மாட்டிக்கொள்பவரிடம் மீட்புச் செலவை வசூலிக்க அரிசோனாவில் 1995-இல் சட்டமே போட்டார்கள். மக்கள் அதை "முட்டாள் ஓட்டுநர் சட்டம்" என்று அழைக்கிறார்கள். பெயர் வைத்தவர் வாழ்க.

ராஜஸ்தானிலும் இதைப் பார்த்தோம். 2006 ஆகஸ்டில் பார்மர் மாவட்டத்தின் கவாஸ் கிராமம் மூழ்கியது. மழை நின்ற பிறகும் தண்ணீர் வடியவில்லை. கீழே இருந்த ஜிப்சம் படலம் கீழிறங்க விடவில்லை. 2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில், அல் ஐன் பகுதியில் 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அங்கே 1949-இல் பதிவு தொடங்கியதிலிருந்து அவ்வளவு பெய்ததில்லை. துபாயில் கார் மிதந்த படங்களை நம் வாட்ஸாப்பிலும் பார்த்திருப்பீர்கள். அது பருவமழையும் இல்லை, செயற்கை மழைக்காக மேகத்தில் உப்புத் தூவியதால் வந்ததும் இல்லை. பெரிய தாழ்வழுத்தம் ஒன்று கடந்து போனது, மழைநீர் வடிகாலை நினைத்துக் கட்டாத நகரம் மாட்டிக்கொண்டது.

அத்தான் ஜெய்சால்மரில் பட்டாளத்தில் இருக்கிறார். குவார்ட்டர்ஸில் ஏர் கூலர் போட்டால் ஏசி தோற்றுவிடுமாம். இங்கே அதே கூலர் வாங்கினோம், வீடே சலவைக்கடை மாதிரி ஆகிவிட்டது. கம்பெனிக் கோளாறா?
*வாசகி, வெள்ளமடம்*

கூலரில் கோளாறு இல்லை, காற்றில்தான். கூலர் செய்வது ஒன்றே ஒன்று: நனைந்த அட்டை வழியாகக் காற்றை இழுத்து, தண்ணீரை ஆவியாக்கிக் குளிரவைப்பது. எவ்வளவு குளிரும் என்பதை ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, தீர்மானிக்கும். நல்ல கூலர், வெளி வெப்பத்துக்கும் ஈரக்குமிழுக்கும் உள்ள இடைவெளியில் ஏறக்குறைய 80 சதவீதத்தைக் கடக்கும்.

கணக்குப் போடுவோம். ஜெய்சால்மரில் மே மாதம் 43 டிகிரி, ஈரப்பதம் 10 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் சுமார் 20. கூலரிலிருந்து வருவது 25 டிகிரிக் காற்று. சொர்க்கம்தான். நாகர்கோவில் பக்கம் 33 டிகிரி, 70 சதவீதம் என்றால் ஈரக்குமிழே 28. கூலர் 29 டிகிரியில் நீராவியோடு ஊதும். வியர்வை காயாது, துணியும் காயாது, அப்பளம் நமத்துப்போகும். ஜெய்சால்மரிலும் ஜூலை, ஆகஸ்டில் ஈரக்காற்று புகுந்ததும் கூலர் படுத்துவிடும். 40 டிகிரி, 35 சதவீதத்தில் அது தருவது 30 டிகிரிதான். அத்தானிடம் ஆடி மாதம் கேட்டுப் பாருங்கள்.

அவர் கவனிக்க வேண்டியவை: எதிர்ச்சுவரில் ஒரு ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும், ஈரக்காற்று வெளியேறாவிட்டால் அரை மணியில் புழுங்கும். அந்த ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம், வாரம் ஒருமுறை தொட்டியை முழுக்க வடித்து மாற்றாவிட்டால் அட்டையில் வெள்ளைப் படலம் இறுகிக் காற்று போகாது. ராஜஸ்தானில் அட்டைக்குப் பதில் வெட்டிவேர்த் தட்டியும் வைப்பார்கள், அவ்வளவு மணம். நீங்கள் உங்கள் கூலரைத் தண்ணீர் ஊற்றாமல் வெறும் ஃபேனாக ஓட்டலாம். அல்லது விற்றுவிடுங்கள்.

ஏசி மெக்கானிக் படித்திருக்கிறேன். தோஹாவில் வேலை கிடைத்திருக்கிறது. இங்கே பார்க்காத என்ன கோளாறு அங்கே வரும்?
*வாசகர், வேர்க்கிளம்பி*

மூன்று வரும் தம்பி. முதலில் பெயர்ப்பலகையைப் படியுங்கள். நம் ஊர் இயந்திரங்கள் பொதுவாக டி1 வகை, 35 டிகிரி வெளிவெப்பத்தில் அளவிட்டவை. வளைகுடாவுக்கு டி3 வகை, 46 டிகிரியில் அளவிட்டவை. ஒரு டன் என்று எழுதியிருந்தாலும் எந்த வெப்பத்தில் ஒரு டன் என்று பார்க்காமல் யாருக்கும் சிபாரிசு செய்யாதீர்கள்.

அடுத்தது கேப்பாசிட்டர், மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் மின்தேக்கி. சூட்டில் அது உப்பும், அளவு இறங்கும். எழுதியிருக்கும் மைக்ரோஃபாரடிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மாற்றிவிடுங்கள். அவுட்டோர் "ம்ம்ம்" என்று முனகி, ஃபேன் சுற்றாமல், ஓவர்லோடு விழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கை வைக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, தேக்கிய மின்சாரத்தை மின்தடை வழியே இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிக்கும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

மூன்றாவது தூசி. புயலுக்கு மறுநாள் கண்டென்சர் காயிலில் கம்பளி போர்த்தியது போலிருக்கும். அழுத்தம் ஏறி ட்ரிப் ஆகும். கேஸ் குறைவு என்று நினைத்துக் கேஸ் ஏற்றினால் இன்னும் கெடும். முதலில் காயிலை உள்ளிருந்து வெளியே தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், ஃபின் மடங்காமல் குறைந்த அழுத்தத்தில். பிறகு உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளிவிடும் காற்றுக்கும் வித்தியாசம் அளந்து பாருங்கள். 8 முதல் 11 டிகிரி இருந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது. வெளியே 48 அடிக்கும்போது வீட்டை 18-க்குக் கொண்டுவரச் சொல்லும் வாடிக்கையாளருக்கு அதைப் பொறுமையாக விளக்க வேண்டியதும் உங்கள் வேலைதான்.

கணவர் குவைத்தில் கட்டட வேலை. இரண்டு மாத லீவு முடிந்து ஜூன் முதல் வாரம் திரும்புகிறார். பத்து வருஷம் பழகிய வெயில்தான், பயமில்லை என்கிறார். சரியா?
*வாசகி, கருங்கல்*

பழகியது அவருடைய மனம். உடம்பு மறந்துவிட்டது. சூட்டுக்குப் பழகும்போது உடம்பு சீக்கிரமே வேர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பைக் குறைத்து விடும், ரத்தத்தின் நீரளவு கூடும். ஒரு வாரம் வெயிலை விட்டு விலகினாலே அது கரையத் தொடங்குகிறது. இரண்டு மாதத்தில் போயே போய்விடும். வேலைத்தளத்தில் வெயில் சாவுகள் அதிகம் நடப்பது முதல் சில நாட்களில்தான்.

பழைய ஆளுக்கான கணக்கு: முதல் நாள் வெயிலில் முழுவேலையில் 50 சதவீதம், இரண்டாம் நாள் 60, மூன்றாம் நாள் 80, நான்காம் நாள் முழுதும். புதிதாகப் போகிற ஆளுக்கு முதல் நாள் 20 சதவீதம், தினம் 20 கூட்டவேண்டும். முழுதாகப் பழக 7 முதல் 14 நாள். இதை ஃபோர்மேனிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கூச்சம் வேண்டாம்.

மதிய வேலைத் தடை சட்டப்படி உண்டு. குவைத்தில் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை காலை 11 முதல் மாலை 4 வரை. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை 12 முதல் 3. அமீரகத்தில் அதே தேதிகளில் 12.30 முதல் 3. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3.30. குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவானது. கடற்கரைக்கு அருகே கதை வேறு: அங்கே ஆகஸ்டில் கடல் ஈரமும் சேரும். பாரசீக வளைகுடாக் கரையில் உள்ள சவூதியின் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று பனிப்புள்ளியே 35 டிகிரியைத் தொட்டது. அந்தக் காற்றில் வியர்வை காயவே காயாது. வேலையை நிறுத்துவதைத் தவிர மருந்தில்லை.

கூட வேலை செய்பவருக்குத் தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு என்றால் நிழல், ஈரத்துணி, தண்ணீர். அறையில் ஓஆர்எஸ் பாக்கெட் குறைந்தது பத்து இருக்கட்டும். ஒரு பாக்கெட்டுக்குச் சரியாக ஒரு லிட்டர். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் நீரில் மட்டமாக வழித்த ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு மாத்திரையை விழுங்கக் கூடாது.

ஆனால் ஆள் உளற ஆரம்பித்தால், தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், கோபத்தில் கத்தினால், அது வெப்பவாதம். உடம்புச் சூடு 40-ஐத் தாண்டியிருக்கும். "வேர்க்கிறதே, அப்போ அது இல்லை" என்று ஏமாறாதீர்கள். வேலை செய்துகொண்டே விழுபவருக்கு வேர்த்தபடியேதான் வரும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை குளிரவைப்பதுதான் உயிரைக் காக்கும். பூட்ஸ், சட்டையைக் கழற்றி, கிடைக்கும் தொட்டியில் குளிர்ந்த நீரில் கழுத்துவரை இறக்குங்கள், தலையை ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். தொட்டி இல்லையென்றால் வாளிவாளியாக ஊற்றி விசிறுங்கள், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது, இது காய்ச்சல் இல்லை.

ரப்பர் தோட்டத்தில் வேலை. மழையே பெய்யாமல் இடி விழுமா? எவ்வளவு தூரத்தில் இருந்தால் பயமில்லை?
*வாசகர், குலசேகரம்*

விழும். மேகத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் இறங்கும். பாலைவனத்தில் மழை தரைக்கு வராமலே மின்னல் மட்டும் இறங்கிக் காட்டுத்தீ பிடிப்பது அடிக்கடி நடப்பது. நம் மலையோரத்தில் சித்திரையிலும் ஐப்பசியிலும் மதியத்துக்கு மேல்தான் இது அதிகம். மின்னல் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் வேலையை விட்டுக் கட்டடத்துக்கோ மூடிய காருக்கோ போங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வர வேண்டாம்.

ஓலை ஷெட்டும் பால் உறைக்கிற தகரக் கொட்டகையும் கட்டடக் கணக்கில் சேராது. ரப்பர் செருப்பும் காப்பாற்றாது. தனியாக உயர்ந்து நிற்கும் மரத்தடி ஆகவே ஆகாது. டிவி, மோட்டார் பிளக்கை இடி தொடங்கும் முன்னே பிடுங்க வேண்டும், தொடங்கிய பின் கை வைக்காதீர்கள். அடிபட்டவர் உடம்பில் மின்சாரம் தங்காது. தைரியமாகத் தொட்டு, மூச்சோ துடிப்போ இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கலாம். "தாமினி" என்ற அரசுச் செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் வாய்ப்பைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லும், போனில் போட்டுக்கொள்ளுங்கள்.

மகனைப் பார்க்க ஃபீனிக்ஸ் போகிறோம். குடை எடுக்கலாமா? சிரிக்கிறான்.
*வாசகர், களியக்காவிளை*

எடுங்கள். வெயிலுக்கு. துணி தடிப்பாக, உள்பக்கம் கறுப்பாக இருந்தால் நல்லது. மழைக்கு விரிக்க வேண்டாம், முதல் காற்றிலேயே மடங்கி மறுபக்கம் திரும்பும், இடியும் கூடவே இருக்கும். மகன் வீட்டு முற்றத்தில் வெயில் மறைக்கப் பெரிய குடை நட்டிருந்தால், ஜூலை முதல் தினமும் சாயங்காலம் அதை மடக்கிக் கட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னலை உடைப்பது பெரும்பாலும் அதுதான்.